சாருக்கு லண்டனிலிருந்து வந்த வார்த்தை

சிரிப்பு ஒன்று கைவசம் இருக்கிறது, தருகிறேன், ஆனால் இப்போதே தர மாட்டேன். கோமதிநாயகம் சாரின் முகம் ஒரு குறிப்பிட்ட நொடியில் எப்படி ஆகும் என்பதுதான் அந்தச் சிரிப்பு. அந்த நொடி வருவதற்கு முன்னால் பாளையங்கோட்டை அச்சாபீஸ் தெருவில் ஆட்கள் எப்படித் தரையை விட்டுக் கிளம்பினார்கள் என்பதையும், கிளம்பியவர்களைப் பார்த்து யார் யாருக்கு எப்படியெல்லாம் வயிறு எரிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவசரக்காரர்கள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், நான் இங்கேதான் நிற்பேன், வேறு எங்கும் போக என்னால் ஆகாது, ஏனென்றால் அந்தத் தெருவில் கடைசிவரை தரையிலேயே நின்ற இரண்டே பேரில் நான் ஒருத்தி.

என் பெயர் பெனிட்டா, பதினொன்றாம் வகுப்பு. எனக்கு எல்லார் குரலும் வரும். வண்டி தாமதமாக வருவதற்கு வருந்துகிற ரயில்வே அம்மா வருவாள், ஆமென்னுக்கு முன்னால் ஒருமுறை இருமுகிற பாஸ்டர் வருவார், “சமாதானபுரம் எறங்கு, எம்மா, கைப்பிள்ள, பாத்து எறங்கு” என்கிற கண்டக்டர் அண்ணாச்சி டிக்கெட் கிழிக்கிற சத்தத்தோடு வருவார். என் சொந்தக் குரலை மட்டும் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அம்மா கூப்பிட்டால் அம்மா குரலிலேயே பதில் சொல்லி அடி வாங்குவேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. கோமதிநாயகம் சார் வீட்டு ஹாலில் டியூஷன் நடந்துகொண்டிருந்தது, பக்கத்து அறையில் சாரின் மனைவி ஆவுடையக்கா வழக்கம்போலத் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். லேடீஸ் ஹாஸ்டல் பெண் ஒருத்தி வந்து, காலேஜ் டேக்கு உடுத்த வேண்டிய பிளவுஸின் கை பிடிக்கிறது என்று அழாத குறையாகச் சொன்னாள். ஆவுடையக்கா வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, “சில் ப்ரோ, டோன்ட் புட் சீன், ஐ வில் செட் இட்” என்றாள். அழ வந்த பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள், சிரித்ததும் அக்கா ஸ்டூலிலிருந்து நேராக இரண்டு சாண் மேலே போய் நின்றாள், கீழே மிஷினின் மிதி மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அண்ணாந்து பார்த்து, “அக்கா, சேலை நூல்ல சிக்கிராம” என்று கொசுவத்தை ஒதுக்கிவிட்டு, இன்ச் டேப்பை எட்டி எடுத்துக் கொடுத்தாள். அக்கா அங்கிருந்தபடியே கை அளவு எடுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் கத்தவில்லை, யாரும் கையெடுத்துக் கும்பிடவில்லை. சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பேர் எழும்பிவிட்டிருந்தார்கள்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை, எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். இங்கிலீஷ் ஸ்லாங் மட்டும்தான் தூக்கியது. தமிழில் கெத்து, மொக்கை, லந்து என்று அடுக்கிப் பார்த்தவர்கள் அப்படியே நின்றார்கள். தமிழ் நமக்கு வீடு, வீட்டுக்குள் நிற்கிறவனுக்கு ஏறிப் போக என்ன இருக்கிறது, அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த பாஷையில்தான் ஏறத் தோன்றும் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார், அத்தோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. ‘ஓகே’ நகக்கண் உயரம்கூடத் தூக்கவில்லை, கலெக்டர் ஆபீஸ் ஃபைல் வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்ட வார்த்தை அது, கனத்துவிட்டது. ‘கூல்’ இரண்டு விரல், ‘ப்ரோ’ ஒரு சாண், புது வார்த்தை என்றால் ஒரு முழம். பேப்பரில் தலைப்பாக வந்துவிட்டால் அன்றைக்கே அந்த வார்த்தை பொங்கி அடங்கிய மாவாக அமுங்கிவிடும். ‘ஹவ் டூ யூ டூ’ சொன்ன ரிட்டயர்ட் தாசில்தாரின் கால்களைத் தரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது என்று அவர் வீட்டம்மாவே சொன்னார்கள். இன்னொன்று, வார்த்தையைக் கேட்டவர் முகத்தில் சிரிப்பு இருக்கும் வரைதான் சொன்னவர் மேலே இருப்பார். சிரிப்பு வடிய வடிய ஆளும் இறங்குவார்.

தெரு அதற்கேற்ப ஒழுங்காகிக்கொண்டது. ‘மின்விசிறி ஓடும் அறையில் ஸ்லாங் பேசாதீர்’ என்று வார்டு ஆபீஸிலிருந்து போர்டு வந்தது. ஈபி லைன்மேன் ஏணியை விற்றுவிட்டுக் காலேஜ் பையன் ஒருவனைக் கூடவே கூட்டிக்கொண்டு அலைந்தார், அவன் கீழே நின்று சிரிக்க வேண்டியது, இவர் மேலே நின்று ஃபியூஸ் போட வேண்டியது. முருங்கைக்காய் பறிக்கத் தொரட்டி தேடுவாரில்லை. சர்ச்சில் பாடகர் குழுவுக்குப் பாஸ்டர் கடுமையாகச் சொல்லிவிட்டார், ஒத்திகையில் யாராவது ‘செம வைப்’ என்று சொல்லிப் பெண்கள் வரிசை மொத்தமும் வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு மேலே போய்விட்டால் கீழே ஆண்களின் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறதாம். பெண் பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்பதை விட்டுவிட்டு, “பிள்ளை எவ்வளவு எழும்பும்?” என்று கேட்டார்கள், எழும்பிக் காட்டிய பெண் மாப்பிள்ளையின் அம்மாவை விட நாலு விரல் உயரமாகப் போனதால் ஒரு சம்பந்தம் நின்றும் போனது.

எங்கள் தெருவின் பொறாமை அதுவரை வீட்டுக்கு வீடு கிடையாகக் கிடந்தது, இப்போது செங்குத்தாக நின்றது. புது வார்த்தை கிடைத்த வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசினார்கள், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் அவளும் சொல்வாள், ஊரெல்லாம் சொன்னால் வார்த்தை கனத்துவிடும். பெங்களூரிலிருந்து மகன் லீவுக்கு வந்தால் அவன் பெட்டியை இறக்கும் முன்னால் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப் போனார்கள். சுவருக்கு மேலே தலை தெரிகிற அளவுக்கு எழும்பிய மைனியைப் பார்த்து இந்தப் பக்கத்து மைனி, “அது போன மாசத்து வார்த்தைல்லா? இன்னுமா அதைச் சொல்லுதீக?” என்று ஒரு வார்த்தைதான் கேட்பாள், அந்தத் தலை சரசரவென்று சுவருக்குப் பின்னால் இறங்கிவிடும்.

என் பங்கு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்லாங் பேசினால் தெருவே சிரிக்கும், ஆனால் எழும்புவது நான் அல்ல, நான் யார் குரலில் பேசினேனோ அவர். கண்டக்டர் குரலில் ‘வாட்ஸ் அப் மச்சி’ என்று எங்கள் வாசலில் நின்று சொன்னேன், முருகன்குறிச்சியில் பஸ்ஸுக்குள் அண்ணாச்சியின் தலை கூரையில் நங்கென்று இடித்தது. பாஸ்டர் குரலில் ஒன்று சொன்னேன், ஜெபத்துக்கு நடுவில் அவர் பிரசங்க மேடையை விட்டுக் கிளம்பினார், சபை அதைப் பரவசம் என்று எடுத்துக்கொண்டது. வேடிக்கைதான், இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்றாம் நாள் என் வகுப்புப் பெண்கள் எல்லாரும் வேப்பமரத்தின் முதல் கிளை உயரத்தில் வட்டமாக நின்று கதை பேச, நான் கீழே நின்று அவர்களுடைய குதிகால்களைப் பார்த்தேன். ஒருத்தியின் குதிகாலில் வெடிப்பு இருந்தது. அந்த வெடிப்பைப் பார்த்துக்கூட எனக்குப் பொறாமையாக இருந்தது.

இனி சார். கோமதிநாயகம் சார் இருபத்தைந்து வருடமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறார். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட இங்கிலீஷ், மடிப்புக் கலையாது. ஸ்லாங் என்பது மொழிக்குப் பிடித்த சொறி என்று சொல்லுவார். அப்படிச் சொன்னவர் ஒருநாள் மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் தலை உயரத்துக்குப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, கோட்டின் கீழே விறைப்பாக நின்று, “ப்ரோ. தட் இஸ் டு சே, பிரதர்” என்று சொல்லிப் பார்த்ததை ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். பரிதாபப்பட்டு அவர் குரலிலேயே ஒரு ‘வாட்ஸ் அப்’ சொல்லி அவரை ஏற்றிவிடலாம் என்று முயற்சி செய்தேன், உண்மையாகவே செய்தேன், ஆனால் அந்தக் குரலில் ‘வாட் இஸ் அப்’ என்றுதான் வந்தது, கடைசியில் ஒரு கேள்விக்குறியும் வந்தது.

மறுநாள் டியூஷன் முடிந்ததும் என்னை மட்டும் நிறுத்தினார்.

“ஏட்டி பெனிட்டா, இங்கன வா. வெளிய யார்ட்டயும் சொல்லக் கூடாது.”

“கர்த்தர் சாட்சியாகச் சொல்ல மாட்டேன்” என்றேன், பாஸ்டராக, இருமலோடு.

“ஒன் குரல்ல சொல்லு.”

“அது எதுன்னு தெரியல சார்.”

அவர் அதைத் திருத்தாமல் விட்டார், அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது விஷயம் பெரியது என்று. பக்கத்து அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹாஸ்டல் பெண்கள் வந்துவிடுவார்கள், ஆவுடையக்காவும் அவர்களும் வென்டிலேட்டர் உயரத்தில் ஒருத்தி தோளில் ஒருத்தி கையைப் போட்டுக்கொண்டு இங்கிலீஷும் தமிழுமாகப் பேசித் தள்ளுவார்கள்.

“எனக்கு ஒரு வார்த்தை வேணும்” என்றார் சார். “அந்தப் பிள்ளையளுக்குத் தெரியாத வார்த்தை. அவ நிக்க உயரத்துக்கு நானும் போகணும்.”

“போயி?”

“என்னத்தயோ பேசிப் பேசிச் சிரிக்கா. நான் வாசல்ல போயி நின்னா இறங்கிருதா. என் மூஞ்சியப் பாத்ததும் எல்லாரும் இறங்கிருதாவ.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கல்யாணமாகி இருபத்திரண்டு வருசம். என்ட்ட ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல பேசினதில்ல. அவளுக்கு வராதுன்னுல்லா நினைச்சிருந்தேன். வருது. என்ட்டதான் வரல. நான் யாரு, இங்கிலீஷ் வாத்தியார்.”

இந்த இடத்தில் எனக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இருந்தது வேறு. அவர் அண்ணாந்து பார்க்க அங்கே ஒரு ஆளாவது இருக்கிறது, நான் அண்ணாந்து பார்ப்பது ஊரார் குதிகாலை. அந்த எரிச்சலில் என் நோட்டைப் புரட்டினேன். சார் எதைத் திருத்தினாலும் சிவப்பு மைக்கோட்டின் வாலில் மூன்று எழுத்துப் போட்டு ஒரு புள்ளி வைப்பார், ஜி, ஓ, எம். கோமதிநாயகத்தின் சுருக்கம். இருபத்தைந்து வருடமாகத் தெருவில் ஒரு நோட்டு மிச்சமில்லாமல் அது இருக்கிறது. அவர் அதைப் பார்த்துப் போடுவதில்லை, கை போட்டுக்கொள்ளும்.

“லண்டன்ல இப்ப ஒரு வார்த்தை ஓடுது சார்” என்றேன். டிவியில் கிரிக்கெட் பேசுகிற வெள்ளைக்காரர் ஒருவரின் குரலை எடுத்து, தாடையைக் கீழே தள்ளி, “காம்” என்றேன். “ஸ்பெல்லிங் ஜி, ஓ, எம்.”

“மீனிங்?”

“ஒருத்தர் நம்மட்ட ஆசையா ஒண்ணு சொல்லுவாங்க சார். அவங்க சொன்னதைக் காதுல வாங்காம, அதுல இருக்க தப்பை மட்டும் திருத்தினா, அதுக்குப் பேரு காம். ஹி காம்ட் மீ.”

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கண் மின்னியது. “ரெகுலர் வெர்ப். பாஸ்ட் டென்ஸ்ல எம் இரட்டிக்கும். நல்ல வார்த்தைட்டி. இப்படிப்பட்ட ஆளுக இருக்கத்தான் செய்தாங்க. எங்க ஹெட்மாஸ்டர் ஒருத்தர் இருந்தார், எந்நேரமும் இதே வேலைதான்.”

நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து, பைப்படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரயில்வே அம்மாவின் குரலில் சிரித்தேன்.

பொறுங்கள், நான் தருவதாகச் சொன்ன சிரிப்பு இது இல்லை. அது இன்னும் தள்ளி நிற்கிறது.

மறுநாள் டியூஷனில் சார் போர்டில் கொட்டை எழுத்தில் ஜி, ஓ, எம் என்று எழுதி, பழக்கத்தில் புள்ளியும் வைத்தார். திரும்பி நின்று, தாடையைக் கீழே தள்ளி, “காம். லேட்டஸ்ட் யூசேஜ் ஃப்ரம் லண்டன்” என்று அர்த்தம் சொன்னார். நாற்பது பிள்ளைகள் போர்டைப் பார்த்தார்கள். நாற்பது பிள்ளைகள் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார்கள். பின் பெஞ்சில் ஒருத்தன் மெதுவாக, “கோம்” என்று வாசித்தான். அவன் தலை உத்தரத்தில் போய் முட்டியது. அவனைப் பார்த்து அடுத்தவள், “சார் கோம்ட் மீ, ப்ரோ” என்றாள், அவள் அவனையும் தாண்டிப் போய்ப் பல்லி மாதிரி ஓட்டில் ஒட்டிக்கொண்டாள். அரை நிமிடத்தில் பெஞ்சுகள் காலி. சார் மட்டும் கீழே நின்று, “ப்ரொனன்சியேஷன், ப்ரொனன்சியேஷன், அது கோம் இல்ல, காம்” என்று சாக்பீஸை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மாதிரி ஒரு வார்த்தை எங்கள் தெரு கண்டதில்லை. மற்ற வார்த்தைகள் ஒரு முழம் என்றால் இது கூரை இறவாணம் வரை தூக்கியது. ஊரெல்லாம் சொன்னாலும் கனக்கவில்லை, ஏனென்றால் சொல்லச் சொல்ல ஆளாளுக்கு ஒரு ஞாபகம் வந்தது. மருமகளின் ரசத்தைக் கோம் பண்ணும் மாமியார், பேரனின் படத்தில் யானைக்கு வால் எங்கே என்று கோம் பண்ணும் தாத்தா, சாகக் கிடக்கும்போதும் டாக்டர் சொன்ன தேதியைக் கோம் பண்ணிய பெரியப்பா. சமாதானபுரம் வரைக்கும் போயிற்று, ஆற்றுப்பாலம் தாண்டி ஜங்ஷனுக்கும் போயிற்று. “கோமதிநாயகம் சார் கொண்டாந்த வார்த்தை” என்று சாரின் காதுபடவே சொன்னார்கள், சொல்லிவிட்டு அவர் தலைக்கு மேலே போய் நின்று சிரித்தார்கள். சாருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் அவர் எழும்பவில்லை. அவர் சொன்னது நான் கொடுத்த வெள்ளைக்காரக் குரலில், அதனால் அவர் தெருவில் ‘காம்’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் கடலுக்கு அந்தப் பக்கம் எந்தத் துரை எந்த உத்தரத்தில் முட்டிக்கொண்டாரோ.

எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது. வார்த்தையைப் பெற்றவள் நான், தூக்கி வளர்த்த பேர் அவருக்கு, ஏறி விளையாடுவது ஊர். டீக்கடையில், பைப்படியில், வேப்பமரக் கிளையில், எல்லா இடத்திலும் என் வார்த்தையின் மேல் யாராவது நின்றார்கள். நான்தான் கண்டுபிடித்தேன் என்று கத்தலாம், கத்தினால் சாருக்குத் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் அந்த முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்க்க முடியாமல் போய்விடும். அதற்காக வாயை மூடிக்கொண்டு தினமும் சாரின் நிழல் மாதிரி அலைந்தேன். முகம் எப்படி ஆகும் என்று கண்ணாடி முன்னால் நின்று முன்கூட்டியே செய்தும் பார்த்துக்கொண்டேன்.

இப்படியே ஒரு மாதம் ஓடியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஆவுடையக்கா தையல் அறைத் தகரக் கூரையில் கூழ்வத்தல் காயப் போட்டிருந்தாள். ஹாஸ்டல் பெண் ஒருத்தி வாசலில் நின்று சிரிக்க, அக்கா ‘கோம்’ சொல்லிக் கூரை உயரத்துக்குப் போய் வத்தலை அள்ளினாள். சார் கீழே பெரிய அலுமினியச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நான்.

மழை ஒரு சொட்டு விழுந்தது. அவசரத்தில் அக்கா மறந்துவிட்டாள் போல, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சாரைப் பார்த்து இங்கிலீஷில் சொன்னாள். “ஹோல்டு ஸ்ட்ராங்கா, ஐ ஆம் த்ரோவிங் டு டவுன்.”

“த்ரோயிங் இட் டவுன்” என்றார் சார். “அந்த டு வேண்டாம், ஆவுடை.”

கூரையில் கை நின்றது. வாசலில் ஹாஸ்டல் பெண்ணின் சிரிப்பு வடிந்தது, அக்கா ஒரு சாண் இறங்கினாள்.

“பாத்தீகளா. கோம் பண்ணிட்டீக.”

“அது காம்” என்றார் சார். “லண்டன்ல அப்படித்தான்...”

“லண்டன் கிடக்கட்டும். ஆடி மாசம் எங்க அம்மை வீட்ல இருந்து ஒங்களுக்கு ஒரு லெட்டர் போட்டேனே, கல்யாணமாகி முதல் ஆடி. ஞாபகம் இருக்கா? இங்கிலீஷ் வாத்தியாரக் கட்டியிருக்கோமேன்னு ராத்திரியும் பகலுமா உக்காந்து இங்கிலீஷ்லயே எழுதினேன். ஐ ஆம் மிஸ்ஸிங் டு யூன்னு எழுதியிருந்தேன். அந்த டுவ வட்டம் போட்டு அடிச்சி, நாலு பக்கத்துல பதினேழு தப்புன்னு எண்ணிப் போட்டு, அதே கவர்லயே திருப்பி அனுப்பினீக. வேற ஒரு வரி எழுதல. கீழ கையெழுத்து மட்டும் சிவப்பு மையில.”

சார் சட்டியை விடவில்லை. “முழுக் கையெழுத்தா?”

“எங்க? மூணு எழுத்து. ஒரு புள்ளி.”

சாரின் வலது கைச் சுட்டுவிரல் சட்டியின் வெளிப்பக்கத்தில் தானாக அசைந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஒரு வளைவு, ஒரு வட்டம், இரண்டு மலை, கடைசியில் புள்ளியில் விரல் குத்திக்கொண்டு நின்றது. அவர் விரலைப் பார்த்தார். நாற்பது பிள்ளைகளையும், டீக்கடையையும், மாமியார் மருமகள்களையும், ஒரு மாதமாகத் தன் தலைக்கு மேலே நின்று சிரித்த ஊரையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதுபோல் கண் போயிற்று. அந்த முகத்தை நான் கண்ணாடியில் செய்து பார்த்திருந்த மாதிரி இல்லை. அதை என்னால் இன்றுவரை செய்ய முடியவில்லை.

“கோம்” என்றார். தாடையைத் தள்ளவில்லை, லண்டன் இல்லை, சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்த ஆளின் குரல், அடித்தொண்டையிலிருந்து கொஞ்சம் உடைந்து வந்தது. “ஆவுடை... ஐ கோம்ட் டு யூ.”

ஒரு டு அதிகம். அக்காவுக்கு அது கேட்டது. முதலில் மூக்கு விடைத்தது, பிறகு வாய்க்கோடு நடுங்கியது, பிறகு வத்தல் கையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

சாரின் செருப்பு இரண்டும் தரையிலேயே இருந்தன. சார் இல்லை. சட்டியோடு ஜன்னலைத் தாண்டி, வென்டிலேட்டரைத் தாண்டி, இறவாணத்தைத் தாண்டிப் போனார், அக்கா பஸ்ஸில் சீட்டு ஒதுக்குவதுபோல் சேலையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள். எனக்குக் கீழிருந்து அவருடைய குதிகால்கள்தான் தெரிந்தன, இரண்டு வெள்ளைக் குதிகால்கள், இருபத்தைந்து வருட சாக்பீஸ் தூள் படிந்தவை. தெருவில் அவர்தான் எனக்குத் துணை. இப்போது தரையில் நான் மட்டும், தலையில் மழை விழ, அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

மேலேயிருந்து சார் சட்டியின் விளிம்புக்கு மேலாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

“ஏட்டி பெனிட்டா,” என்றார், “லண்டன்ல எந்தத் தெருட்டி அது?”